நிறத்தைப் பார்க்காதீர்கள்

"கோவிச்சுக்காதீங்க மாஸ்டர், இன்னொரு தடவ சொல்லுங்க. செகப்புல கருமை ஜாஸ்தியா, பச்சையிலயா?"

மாரிஸ் மாஸ்டருக்குக் கோபம் எங்கே வரும்? சந்தோஷத்தில் கண்ணீர்தான் வரும்போல இருந்தது.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகசாலையின் பின்னறையில் 'ஓவியத்தை ரசிப்பது எப்படி?' என்று அவர் இலவச வகுப்பு தொடங்கியபோது பெஞ்சு நிறைய ஆள் இருந்தது. படத்திலிருந்த பசு எத்தனை படி கறக்கும் என்று ஒருவர் கேட்டார். சாமி படம் போட்டுத் தருவீர்களா என்று இன்னொருவர் கேட்டார். முடியாது என்றதும் எழுந்து போய்விட்டார். கடைசியில் மிஞ்சியவர் அய்யாவு மட்டும்தான்.

அய்யாவு மாஸ்டரைவிட மூத்தவர். இரயில்வே ஆள், இரயில்வே குடியிருப்புகள் நிறைந்த பிரிக்ஃபீல்ட்ஸில் வேறு யார் இருக்கப்போகிறார்கள்? வேலை முடிந்ததும் குளித்து, விபூதி பூசி, கோயிலுக்குப் போகிற பக்தியோடு வகுப்புக்கு வருவார்.

"செகப்புலதான் அண்ணே. அசல் செகப்பு கனமா இருக்கும், பச்சை அதைவிட லேசு. ஆனா நிறத்தைப் பாக்காதீங்க. கண்ணைப் பாதி மூடிக்கிட்டுப் பாருங்க. நிறம் போயிடும். வெளிச்சமும் இருட்டும் மட்டும் நிக்கும். படத்துக்கு அதுதான் உயிர்."

"கனமா இருந்தா செகப்பு, லேசா இருந்தா பச்சை." அய்யாவு வாய்ப்பாடு மாதிரி முணுமுணுத்துக்கொண்டார்.

"சரி, இன்னிக்கு ஒரு படத்துல தூரத்தை எப்படிக் காட்டுறதுன்னு பாப்போம்."

"தூரம் கெடக்கட்டும் மாஸ்டர். கருமையே பாப்போம்லா."

அப்போதுதான் வாசகசாலைத் தலைவர் இராமலிங்கம் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

"மாஸ்டர், நாடகக்காரங்க ஒத்திகை பாக்க ரூம் கேக்குறாங்க. ஒத்த ஆளுக்காக ரூமைப் பூட்டி வெச்சிருக்க முடியுமா? ஞாயித்துக்கிழமை கமிட்டி வரும். உங்க ஆளு ஒரு படத்தைப் பாத்து உருப்படியா நாலு வார்த்தை சொல்லட்டும். இல்லன்னா பெஞ்சைத் தூக்கிடுவோம்."

மாஸ்டரோ பகலெல்லாம் பள்ளிக்கூடத்தில் கூஜாவும் வாழைப்பழமும் வரையச் சொல்லிக்கொடுத்து அலுத்துப்போன மனிதர். மனசுக்குப் பிடித்ததைப் பேச உலகத்தில் அவருக்கு இருந்த ஒரே இடம் அந்த அறை.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டி வந்து உட்கார்ந்தது. மாஸ்டர் தான் வரைந்த படத்தையே மாட்டியிருந்தார். பச்சைப் பசேலென்று ஒரு வாழைத்தோட்டம். அதன் முன்னால் சிவப்புச் சேலை கட்டிய ஒரு பெண். அறைக்குள் நுழையும்போதே அந்தச் சிவப்பு கண்ணைப் பறித்தது.

அய்யாவு கண்ணைப் பாதி மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"வெளிச்சம் இடது பக்கத்துலேருந்து வருது. அதான் மூக்குக்கு இந்தப் பக்கம் நெழலு" என்று ஆரம்பித்தார். கமிட்டி நிமிர்ந்து உட்கார்ந்தது. "கையை மடக்கியிருக்கிறதால ரெண்டு வெரலு தெரியல, ஆனா இருக்கு. எல்லாம் சரி. ஆனா, இந்தம்மா சேல எங்க முடியுது, வாழத்தோட்டம் எங்க தொடங்குதுன்னுதான் எனக்குப் புரியல. ரெண்டும் ஒண்ணாத்தான் கெடக்கு."

மாஸ்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். போச்சு, அறை போச்சு!

இராமலிங்கம் மெல்ல எழுந்தார்.

"ஆகா! பொண்ணும் இயற்கையும் ஒண்ணு! வெறும் செகப்புச் சேலைன்னுதானே நான் பாத்துக்கிட்டிருந்தேன்! எவ்வளவு பெரிய விஷயத்தைச் சாதாரணமாச் சொல்லிட்டாரு!"

கமிட்டியில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உள்ளே வரும்போதே தனக்கு அது தோன்றிவிட்டதாக மற்றொருவர் சாதித்தார். உண்மையில், அன்றைக்குக் கையில் மீதியிருந்தது சிவப்புச் சாயம் என்பதால்தான் மாஸ்டர் சிவப்புச் சேலை வரைந்தார். ஆனால் வீட்டுக்குப் போவதற்குள், பெண்ணையும் இயற்கையையும் மனதில் வைத்தே வரைந்ததாக அவரும் நம்பத் தொடங்கிவிட்டார்.

அறை தப்பியது. ஊரெல்லாம் பேச்சானது. நாடகக்காரர்கள்கூட வகுப்பில் சேர்ந்துவிட்டார்கள். அய்யாவுதான் அதற்குப் பிறகு வரவில்லை. கரை கண்டுவிட்டவர் எதற்கு வரவேண்டும் என்று மாஸ்டர் மனதைத் தேற்றிக்கொண்டார்.

புகழ் பக்கத்து நகரமான கிள்ளான் வரைக்கும் போய், அங்கே வந்து பேசும்படி அழைப்பு வந்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் மாஸ்டர் கோலாலம்பூர் ஸ்டேஷனில் இரயிலேறி ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

"மாஸ்டர்!"

பிளாட்பாரத்தில் அய்யாவு நின்றுகொண்டிருந்தார். புது உடுப்பு, புதுத் தொப்பி, முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணே! வகுப்புப் பக்கமே ஆளைக் காணோமே?"

"அதான் படிப்பு முடிஞ்சிருச்சே. இத்தன வருசமா இஞ்சின்ல கரி அள்ளிப் போட்டவன், இன்னிக்கு டிரைவராயிட்டேன். ரெண்டு தடவ ஃபெயிலான பரீட்சை மாஸ்டர்! உங்க பாடத்தாலதான் பாஸ் பண்ணேன்."

மாஸ்டருக்கு உடம்பெல்லாம் பூரித்தது. பெட்டியிலிருந்த எல்லோருக்கும் கேட்கும்படி, "பாத்தீங்களா, கலைங்கிறது எதுக்கெல்லாம் ஒதவுது! அது என்ன பரீட்சைண்ணே?" என்றார்.

"கண் பரீட்சை மாஸ்டர். பொறந்ததுலேருந்து எனக்குச் செகப்பும் பச்சையும் ஒரே மாதிரிதான் தெரியும்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே கார்டு விசில் ஊதிவிட, அய்யாவு இஞ்சினைப் பார்த்து ஓடினார்.

ஓடியவர் சட்டென்று நின்று திரும்பி, "கிள்ளான் வரைக்கும் நாந்தான் ஓட்டுறேன், நிம்மதியா வாங்க! கைகாட்டி விளக்கு மாறிடுச்சு... மாறிடுச்சுதானே மாஸ்டர்?" என்றார்.