புழு ரயில் கணக்கில் சேருமா?

"இந்தப் புழு ரயில்ல நான் ஏறுனா, நாளைக்கு ராஜபாளையத்துக்குள்ள தலை காட்ட முடியாது தம்பி" என்றார் முத்துப்பாண்டி. மனைவியின் கைப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, முகம் கன்றிப்போய் நின்றார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேருக்காக மடவார் வளாகத்துப் பக்கம் போட்டிருந்த பொருட்காட்சி அது. எதிரே தகரத்தில் செய்த கம்பளிப்புழு ஒன்று, பச்சைப் பெயிண்டும் சிரித்த வாயுமாகப் பிள்ளைகளைச் சுமந்து நெளிந்து நெளிந்து போனது. மொத்த உயரமே ஒரு மாடி இருந்தால் அதிகம்.

முத்துப்பாண்டி போலீஸ் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ரோலர் கோஸ்டர் பிரியர்கள் நானூறு பேர் இருக்கிற வாட்ஸப் குழுவில் அவருக்குத் தனி மரியாதை. யார் எத்தனை வண்டியில் ஏறினார்கள் என்று எண்ணுவதுதான் அங்கே பிழைப்பே. கொச்சி, பெங்களூர், மகள் இருக்கும் துபாய் என்று எங்கே போய் வந்தாலும், "ஏறியாச்சு. வயிறு தொண்டைக்கு வந்துட்டுப் போச்சு" என்று ஒரு வரி போடுவார். இதுவரை இருபத்து நான்கு வரிகள் ஆகிவிட்டன.

எது கணக்கில் சேரும், எது சேராது என்பதிலும் அவர் வைத்ததுதான் தீர்ப்பு. கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் ஆசையாகப் போட்ட வண்டியை, "சுற்று முழுக்க மோட்டார் இழுக்கிறது, இது வெறும் பொம்மை ரயில்" என்று அடித்துப் போட்டவர் அவர். பாவம், அந்த மனிதர் ஒரு மாதம் குழுவில் வாயே திறக்கவில்லை.

அப்படிப்பட்டவருடைய இருபத்தைந்தாவதைக் கண்ணால் பார்ப்பதற்கென்றே, குழுவை நடத்துகிற விக்னேஸ்வரன் மதுரையிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். இருவரும் நேரில் பார்த்துக்கொள்வது இதுதான் முதல் தடவை.

"விதி நீங்க எழுதுனதுதான சார்? தண்டவாளத்துல ஓடணும். மேல இழுத்து விட்ட பொறவு, தன் எடையிலயே எறங்கிச் சுத்தி வரணும். உசரத்தப் பத்தி ஒரு வார்த்தை கெடையாது."

"இது மோட்டார் வண்டிப்பா. சத்தம் கேக்குதுல்ல? கணக்குல சேராது." அதைச் சொல்லும்போது முத்துப்பாண்டியின் குரலில் கொஞ்சம் தெம்பு வந்தது.

வண்டிக்காரர் மாரிசாமிக்குச் சுருக்கென்றது. "பாக்காமலே சொல்லுதியளே சார். மேடு ஏறுத வரைக்கும்தான் மோட்டாரு. செத்த நேரம் நின்னு பாருங்க."

புழு மேட்டு உச்சியைத் தாண்டியதும் அவர் சுவிட்சை அமர்த்தினார். மோட்டார் ஓய்ந்தது. ஆனால் புழு ஓயவில்லை. பிள்ளைகளின் கூச்சலோடு சரிந்து, வளைந்து, முழுச் சுற்றும் தானாகவே வந்து மாரிசாமியின் காலடியில் நின்றது.

"சேந்துருச்சு சார்" என்று சிரித்தார் விக்னேஸ்வரன்.

முத்துப்பாண்டிக்கு வந்த தெம்பு போன இடம் தெரியவில்லை.

அதற்குள் வேடிக்கை பார்க்க ஆள் கூடிவிட்டது. அவர்கள் தெருவைச் சேர்ந்த சுடலையம்மாளும் அதில் இருந்தாள். "ஏட்டி வெங்கடேசு, ஒன் வீட்டுக்காரரு புழுவுல போகப்போறாராக்கும்? திருடன வெரட்டுன காலு, அம்புட்டு நீளக் கால எங்கிட்டு மடக்கி வைப்பாரு?"

கூட்டம் சிரித்தது. முத்துப்பாண்டி தரையைப் பார்த்தார். "கேட்டியா தம்பி? சிரிக்காவ. வயசுக்குன்னு ஒரு மரியாதை இருக்குல்ல. வேண்டாம், விட்டுரு."

"வெக்கப்பட்டா நம்ம குரூப்புல எவனும் பத்தைத் தாண்டிருக்க முடியாது சார். நான் கூட மூணு வயசுப் பிள்ளைகளோட வாத்து வண்டியில போனவன்தான். காலையில கோயம்புத்தூர் அண்ணாச்சி என்ன சொன்னாரு தெரியுமா? 'அவரு நேர்மையான மனுசன்யா, சேரும்னு தெரிஞ்சா கட்டாயம் ஏறுவாரு'ன்னாரு." விக்னேஸ்வரன் போனை நிமிர்த்திப் பிடித்தார். "எல்லாரும் வீடியோவுக்குக் காத்துக் கெடக்காங்க."

கோயம்புத்தூர் என்றதும் முத்துப்பாண்டியின் தலை இன்னும் தாழ்ந்தது. காது மடலெல்லாம் சிவந்துவிட்டது.

அவருடைய மனைவி வெங்கடேஸ்வரி பக்கத்திலேயே நின்றிருந்தாள். கணவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், மாரிசாமியிடம் போய், "ரெண்டு டிக்கெட் குடுங்கண்ணே" என்றாள்.

"ஏய், என்ன நீ..." என்று இழுத்தார் முத்துப்பாண்டி.

"இன்னைக்கு ரெண்டு பேரும் போவோம்ங்க. வாங்க."

கைப்பை சுடலையம்மாளின் கைக்குப் போனது. கடைசிப் பெட்டியில், முழங்கால் மோவாயில் இடிக்க, அவர் தம்மை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார். ஊரார் கண்ணில் படாமல் இருக்கத்தான் குனிகிறார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். சுடலையம்மாளுக்கே பாவமாகிப்போய், "சும்மா போயிட்டு வாங்கண்ணே, யாரும் சிரிக்கல" என்றாள்.

மாரிசாமி குறுக்குக் கம்பியை இறக்கிவிட்டு, சுவிட்சைப் போட்டார். புழு கடகடவென்று மேடு ஏறத் தொடங்கியது. "இருபத்தஞ்சு!" என்று கீழேயிருந்து விக்னேஸ்வரன் கத்தினார்.

மேலே போகப் போக முத்துப்பாண்டியின் கண்கள் இறுக மூடிக்கொண்டன. வளையல் சதையில் பதிகிற அளவுக்கு மனைவியின் மணிக்கட்டைப் பற்றியிருந்தார்.

உச்சியில் புழு ஒரு கணம் தயங்கியது. வெங்கடேஸ்வரி அவர் காதோரம் குனிந்து, யாருக்கும் கேட்காமல் சொன்னாள்.

"கொச்சியில நீங்க பையப் பிடிச்சுக்கிட்டுக் கீழ நின்னப்ப, மொதத் தடவ எனக்கும் இப்படித்தாங்க இருந்துச்சு."