மூடி போட்ட படம்

ஸ்டூடியோ வாசலில் தன் முகத்தைப் பெரிதாக்கி மாட்ட முதலாளி ஜெபமணி ஆசைப்பட்டார். ஆனால் கேமராவின் முதுகில் மாட்டும், படத்தைப் பதிவுசெய்யும் பழைய டிஜிட்டல் பெட்டி, எடுத்த படத்திலெல்லாம் அவர் வாய்க்குக் குறுக்கே சிவப்புக் கோடு போட்டது. சாயங்காலத்துக்குள் சரிசெய்யாவிட்டால் பெட்டியோடு அவளும் வெளியே போகலாம் என்று உதவியாளர் செண்பகவல்லியிடம் சொல்லிவிட்டார்.

அவள் பேட்டரியை மாற்றினாள். கேபிளை மாற்றினாள். இணைப்பு முனைகளைத் துடைத்தாள். ஒவ்வொரு முறையும் அவரைப் படமெடுத்துப் பார்த்தாள். கோடு போகவில்லை. கடைசியில், கோடு பெட்டியிலிருந்தேதான் வருகிறதா என்று பார்க்க, லென்ஸுக்கு மூடி போட்டு எடுத்தாள்.

“மூடியக் கழட்டாம படம் எடுக்கத்தான் தினம் சாயங்காலம் கேமரா கிளாஸுக்கு ஓடுறியாம்மா?” ஜெபமணி உதட்டைக் கோணினார்.

தான்தான் முட்டாளோ என்று அவளுக்கும் தோன்றியது. ஆனால் படம் சுத்தக் கருப்பாக வந்தது. கோடே இல்லை. காலி ஸ்டூலைப் படமெடுத்தாள், கோடு இல்லை. வாட்ச்மேனை உட்காரவைத்து எடுத்தாள், இல்லை. மறுபடி ஜெபமணி உட்கார்ந்தார். கோணிய உதட்டின் வளைவிலேயே வளைந்து கோடு வந்தது.

“அப்போ கோளாறு எதுலதான்?”

“உதட்டக் கொஞ்சம் நேரா வைங்க சார்.”

அவர் வைத்துப் பார்த்தார். பிறகு விரலால் இழுத்துப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளாலும்.