முழங்காலுக்கு வந்த தீர்ப்பு

கல்லூரிக் கால்பந்தின் சிறந்த ஆட்டக்காரியை முன்பெல்லாம் பதினாறு அணித் தலைவிகளும் சீட்டில் பெயரெழுதித் தேர்ந்தெடுத்தார்கள். இப்போது கணினிதான் தேர்ந்தெடுக்கிறது. ஆடி முடித்த ஆட்டத்துக்கல்ல, இனி ஆடப்போகும் பத்து வருடத்துக்குத்தான் விருது.

முப்பத்தொரு கோல் போட்ட தூத்தூர் ஷெர்லினை விட்டுவிட்டு, ஆறு கோல் போட்ட மதுரை ருக்சானாவுக்கு விருதைக் கொடுத்தார்கள். ஷெர்லின் நேராகத் தேர்வுக் குழுச் செயலாளரிடம் போனாள்.

"உன் வலது முழங்கால் ரெண்டு வருஷத்துல போயிடும்னு கணினியில வந்திருக்கும்மா."

"இன்னும் போகல்லியே சார். போன வருஷம் வாங்குன அக்கா ஆட்டத்தையே விட்டுட்டுப் போனாவளே, அது வரல்லியோ?"

அவர் கணினியை அணைத்துவிட்டு எழுந்தார்.

கணிப்பைப் பார்த்த அவளுடைய கல்லூரி, மறுநாள் நடக்கவிருந்த இறுதி ஆட்டத்திலிருந்தும் அவளை நீக்கியது. காலைக் காப்பாற்றவாம். ஆட்டம் தொடங்கும் நேரத்தில் ஷெர்லின் ஜெர்சியை மாட்டிக்கொண்டு நடுக்கோட்டில் போய் உட்கார்ந்துவிட்டாள். நடுவர் அதட்டியும் எழுந்திருக்கவில்லை.

எதிரணித் தலைவி ருக்சானா பந்தைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"அவ ஆடட்டும் சார். அவளைத் தோக்கடிக்காம வாங்குற கோப்பை எங்களுக்கு எதுக்கு?"