பத்துக்கு எத்தனை?

"உங்க மனைவி இந்த வாரம் எவ்வளவு கோபப்பட்டாங்க? பத்துக்கு எத்தனை?"

"சைபர், டாக்டர்."

டெய்லர் சொல்லி வாயை மூடவில்லை. கதவுக்கு வெளியே இருந்து அவர் மனைவியின் குரல் அறையைக் கிடுகிடுக்க வைத்தது.

"ஏங்க! குடையை எங்க வெச்சுத் தொலைச்சீங்க? மூளைன்னு ஒண்ணு இருக்கா, இல்ல அதையும் தையல் மெஷின் மேலேயே வெச்சுட்டு வந்துட்டீங்களா?"

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். டாக்டர் அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. வாராவாரம் இந்த ஆள் இதே சைபரைச் சொல்லி உயிரை வாங்குகிறாரே!

டெய்லரின் மனைவி பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். தைராய்டு அளவுக்கு மீறிச் சுரந்து, ஆள் பாதியாக இளைத்து, கை நடுங்கி, தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்துகொண்டிருந்தார். வழக்கமான மாத்திரை உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. புது மருந்தைச் சோதித்துப் பார்க்கும் இந்த ஆராய்ச்சியில் அவரைச் சேர்த்ததே, கழுத்தில் ஆபரேஷன் வேண்டாமே என்றுதான். குரலுக்கு ஏதாவது ஆகிவிட்டால் பாட்டு டீச்சர் என்ன செய்வார், பாவம்!

மருந்து ரத்தத்தில் வேலை செய்கிறதா என்று பரிசோதனை சொல்லிவிடும். குணத்தில் வேலை செய்கிறதா என்று கூடவே குடித்தனம் நடத்துகிறவர்தானே சொல்ல வேண்டும்? மற்ற வீட்டுக்காரர்கள் எல்லாம் எட்டு, ஒன்பது என்று சொல்லிவிட்டு, கேட்காமலேயே தங்கள் சோகக் கதையையும் அவிழ்த்துவிடுகிறார்கள். இவர் வாயைத் திறந்தால் சைபர்.

டாக்டர் ஒரு யோசனை செய்தார். "சிஸ்டர், டீச்சரை ரத்தம் எடுக்கக் கூட்டிட்டுப் போங்க."

போகிற போக்கில் நர்ஸ் டாக்டரின் காதோரம் குனிந்தாள். "மனுஷன் பொண்டாட்டின்னா அப்படி நடுங்குறார் மேடம். நீங்க தலைகீழா நின்னாலும் உண்மை வராது."

கதவைச் சாத்திக்கொண்டு அவள் போனாள்.

"இப்ப அவங்க காதுல விழாது. தைரியமா சொல்லுங்க. பத்துக்கு எத்தனை?"

"சைபர்தான் டாக்டர்."

"நெத்தியில என்ன பிளாஸ்திரி?"

டெய்லர் நெற்றியைத் தடவிக்கொண்டார். "சாப்பாட்டு டப்பா மூடி பட்டுடுச்சு."

"மூடி தானா பறந்து வந்துச்சா?"

மனிதர் மேஜை விளிம்பைச் சாண் போட்டு அளந்துகொண்டிருந்தார்.

டாக்டருக்குப் பொறுமை போயே போய்விட்டது.

"இதோ பாருங்க. மருந்து கொடுக்கறதுக்கு முன்னாடியும் சைபர், கொடுத்த அப்புறமும் சைபர். அப்ப இந்த மருந்து எதைக் குணப்படுத்துச்சுன்னு நான் சொல்றது? இன்னைக்கும் மழுப்பினீங்கன்னா டீச்சரை இந்த ஆராய்ச்சியிலேருந்து எடுக்க வேண்டியதுதான். அப்புறம் ஆபரேஷனைத் தவிர வேற வழி கிடையாது. பொண்டாட்டிக்குப் பயந்துக்கிட்டு அவங்க குரலையே பணயம் வைக்கறீங்களே, நல்லா இருக்கா இது?"

டெய்லரின் முகம் வெளிறிவிட்டது.

"ஐயோ, ஆபரேஷன் வேண்டாம் டாக்டர். அவ பாடணும். பாடாம அவளால இருக்க முடியாது. ஆனா நான் பொய் சொல்லலை. சத்தியமா சொல்லலை."

"அப்ப இந்தப் பிளாஸ்திரி?"

டெய்லர் ஒரு தரம் கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"முதல் நாள் இங்க வந்தப்ப, இதே நாற்காலியில உக்காந்து அவ தேம்பித் தேம்பி அழுதா, ஞாபகம் இருக்கா டாக்டர்? 'பள்ளிக்கூடப் பிள்ளைங்களைக் கண்டபடி திட்டறேன், இவரை அடிக்கக்கூடக் கை ஓங்கிட்டேன், நான் என்ன ராட்சசி ஆயிட்டேனா'ன்னு கேட்டா."

டாக்டருக்கு மங்கலாகத்தான் நினைவு வந்தது. அந்த நாற்காலியில் உட்கார்ந்து அழாதவர்கள் யார்?

"நீங்க அவ கையைப் பிடிச்சுக்கிட்டு, 'அது நீங்க இல்லம்மா, உங்க தைராய்டு பண்ற வேலை'ன்னு சொன்னீங்க. ரொம்ப நாள் கழிச்சு அன்னைக்குத்தான் அவ நிம்மதியாத் தூங்கினா. நானும் அதைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டேன். தட்டு பறந்தாலும் சரி, மூடி பறந்தாலும் சரி, இது அவ இல்லைன்னு எனக்கு நானே சொல்லிக்குவேன். அப்படிச் சொன்ன நீங்களே வாராவாரம், 'உங்க மனைவி எவ்வளவு கோபப்பட்டாங்க'ன்னு கேட்டா நான் என்ன சொல்றது? என் மனைவி கோபப்படவே இல்லையே டாக்டர்!"

அழுகிறவர்களுக்கெல்லாம் டாக்டர் ஆறுதலுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிப்போன வார்த்தை அது. சொன்னவரே மறந்துவிட்டதை, ஒரு மனுஷன் நெற்றியில் அடி வாங்கிக்கொண்டு காப்பாற்றி வைத்திருக்கிறார்! இவரையா பயந்தாங்கொள்ளி என்று நினைத்தோம்?

டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். குரல் தானாகவே இறங்கிவிட்டது.

"தப்பு என்னோடதுதாங்க. கேள்வியை மாத்திக் கேக்கறேன். அந்தத் தைராய்டு இந்த வாரம் எவ்வளவு ஆட்டம் போட்டுச்சு? பத்துக்கு எத்தனை?"

டெய்லர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அத்தனை நாள் சாதுவாக இருந்த முகத்தில் அப்படி ஒரு ஆத்திரம்!

"அந்தச் சனியனைப் பத்திக் கேக்கறீங்களா? முதல் வாரம் பத்துக்குப் பன்னண்டு, டாக்டர்! இப்பதான் உங்க புண்ணியத்துல அஞ்சுக்கு இறங்கியிருக்கு. எழுதிக்குங்க, அது பண்ணின அட்டூழியத்தை எல்லாம் ஒண்ணு விடாம சொல்றேன்!"