சிரிக்கலாமா, சார்?

தலைமையாசிரியையின் மேசைமேல் நாவல் கிடந்தது. உள்ளிருந்து மஞ்சள் சீட்டுகள் தலை நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்றிரண்டு அல்ல, புத்தகம் முழுக்க.

எதிரே நின்ற கதை டீச்சர் அவற்றை எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டாள்.

ஒவ்வொரு சீட்டும் ஒரு குற்றம் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். இந்தப் புத்தகம் இனி பிள்ளைகள் கைக்குத் திரும்பப் போவதில்லை.

கதை டீச்சர் என்பது பிள்ளைகள் வைத்த பேர். பாடம் முடிந்து மணி அடிக்கும்வரை ஏதாவது ஒரு நாவலைப் பற்றிச் சொல்லி, படித்துப் பாருங்களேன் என்று கெஞ்சுவாள். அன்பு, நேர்மை, விடாமுயற்சி என்று எத்தனையோ நல்ல நல்ல புத்தகங்கள். ஒன்பதாம் வகுப்பு அவற்றை மரியாதையாக வாங்கிக்கொண்டு போகும். மடிப்புக் கலையாமல் அதே மரியாதையோடு திருப்பிக் கொடுக்கும்.

வெறுத்துப்போய்த்தான் இதைக் கொடுத்தாள்.

இனி வரப்போகும் ஏதோ ஒரு காலத்தில் ஒரு ஊர். அங்கே தலைவர் உத்தரவுப்படி சங்கு ஊதினால் எழுந்திருக்க வேண்டும், மறுபடி ஊதினால் தூங்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே சாம்பல் சட்டை. கை தூக்கி அனுமதி வாங்காமல் பேசக்கூடாது, சிரிக்கக்கூடாது. சுவருக்குச் சுவர் ஒரு கண் பார்த்துக்கொண்டே இருக்கும்.

இரண்டாம் நாளே வகுப்பில் அடிதடி. இருந்த ஒரே பிரதி பெஞ்சு பெஞ்சாகப் போய் அட்டை கழன்றது. யாரும் இன்னும் முடிவை எட்டவில்லை, ஆனால் அடுத்து என்ன என்று கேட்டு வராந்தாவில் அவளைத் துரத்தினார்கள். டீச்சருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அதில் மண் விழுந்தது கணக்கு வகுப்பில்.

கணக்கு வாத்தியார் கரும்பலகையில் எதையோ தப்பாகக் கூட்டிவிட்டார். பின்பெஞ்சு மொத்தமும் அமைதியாகக் கை தூக்கியது.

“சிரிக்கலாமா, சார்?”

எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று அவர் குடைந்ததில் நாவல் அகப்பட்டது. நேரே கொண்டுவந்து இந்த மேசையில் போட்டுவிட்டார்.

தலைமையாசிரியை கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் சீட்டு இருந்த பக்கத்தைப் பிரித்தார். வீட்டிலிருந்தே மனப்பாடம் செய்து வந்ததை டீச்சர் நாக்கு நுனிக்குக் கொண்டுவந்தாள். மேடம், இது பயமுறுத்த எழுதினதில்லை, இப்படி ஒரு ஊர் வந்துவிடக்கூடாதே என்று எழுதினது.

“இந்தச் சங்கு விஷயம் பிரமாதம் டீச்சர். நமக்கு ஏன் இத்தனை நாளா தோணலை?”

டீச்சர் எட்டி அந்தப் பக்கத்தைப் பார்த்தாள்.

அடுத்த சீட்டு, கை தூக்குவது. அதற்கடுத்தது சாம்பல் சட்டை. அழுக்குத் தெரியாதே என்று மேடம் விளக்கினார். சுவர்க் கண்ணுக்குக் கேமரா விலை ஏற்கெனவே விசாரிக்கச் சொல்லிவிட்டாராம். சின்ன வயதிலிருந்து தனக்குக் கதைப் புத்தகமே பிடிக்காது, இதைத்தான் கீழே வைக்க மனசு வரவில்லை என்றார். கேலி செய்கிறாரோ என்று டீச்சர் அந்த முகத்தை உற்றுப் பார்த்தாள். கேலி இல்லை, கண்ணில் பக்திதான் இருந்தது.

புத்தகம் தப்பித்தது என்று மூச்சு விடுவதற்குள் இடி விழுந்தது.

இனி ஒன்பதாம் வகுப்புக்கு இது கட்டாயப் பாடம். ஆளுக்கொரு பிரதி. வாரா வாரம் தேர்வு. அத்தியாயச் சுருக்கம் எழுதுக, தலைவரின் நற்பண்புகளை விளக்குக.

டீச்சருக்கு அழுகையே வந்துவிட்டது. மதிப்பெண் பட்ட புத்தகத்தை எந்தப் பிள்ளையும் ஆசையாகத் தொட்டு அவள் பார்த்ததில்லை. பிடுங்கிக்கொள்ளப் போகிறார் என்று பயந்து வந்தால், இந்தம்மா அணைத்தே கொல்கிறாரே.

மேடம் கடைசிப் பக்கங்களுக்குப் போனார். அங்கே மட்டும் சீட்டு இல்லை. அந்த அத்தியாயத்தில் ஊர்ப் பிள்ளைகள் ஒன்றுசேர்ந்து சங்கை உடைக்கிறார்கள். சாம்பல் சட்டைகளைக் கொளுத்திவிட்டு, யாரிடமும் கேட்காமல் சிரித்துக்கொண்டே வெளியே போகிறார்கள்.

“அவ்வளவு ஒழுங்கா நடந்த ஊரு, டீச்சர்.” மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இந்தச் சோகம் பிஞ்சு மனசுகளுக்கு வேண்டாம் என்றார். அத்தனை பிரதியிலும் அந்த அத்தியாயத்தைக் கிழித்துவிட வேண்டுமாம்.

டீச்சர் தலை நிமிர்ந்தாள். முகத்தை வெகு கவலையாக வைத்துக்கொண்டு, கிழித்தால் தையல் விட்டுப்போகும் மேடம் என்றாள். ஓரத்தில் ஸ்டேப்ளர் அடித்து மூடிவிடலாம், ஒரு பின் போதும். அந்தச் சிக்கனம் மேடத்துக்குப் பிடித்திருந்தது.

கதவுவரை போனவள் திரும்பி வந்தாள்.

“அந்தக் கடைசி அத்தியாயத்தை யாரும் பிரிச்சுப் பாக்கக்கூடாதுன்னு அசெம்பிளியில நீங்களே சொல்லிடுங்க மேடம், மைக்ல. நான் சொன்னா அவ்வளவா எடுபடாது.”

கொஞ்சம் கண்டித்தே சொல்வதாகத் தலைமையாசிரியை வாக்குக் கொடுத்தார்.