கேமரா நின்ற குழி

ஓர் ஆய்வுக்கூடத் தட்டில் வரிசை வரிசையாகச் சின்னக் குழிகள் இருந்தன. குழிக்கு ஒரு புழு. ஒவ்வொரு குழியிலும் வேறுவேறு தீனி. அதைத் தின்றால் உடம்பில் ஏதோ ஒரு மரபணுவின் வாய் அடைத்து, அது பார்த்துவந்த வேலை நின்றுபோகும். யாருக்கு என்ன ஆகிறது என்று மேலே ஒரு கேமரா தானாக நகர்ந்து பார்த்துக்கொண்டே போகும்.

நெளியன் என்ற புழுவுக்கு ஒன்றும் ஆகவில்லை. கேமரா அதைக் கண்ணிமைப்பதற்குள் தாண்டிப் போனது. பக்கத்துக் குழிச் சுருளியிடம் மட்டும் நெடுநேரம் நின்றது. நெளியனுக்கு வயிறு எரிந்தது.

“உன்கிட்ட மட்டும் அப்படி என்னத்தப் பார்க்குது?”

“எனக்கென்ன தெரியும்? நேராப் போகணும்னுதான் கிளம்புறேன், உடம்பு வட்டமாச் சுத்துது. போற வழியில தீனி தட்டுப்பட்டா கவ்விக்கிறேன். பெரிய அவஸ்தை” என்றது சுருளி.

அடுத்த முறை கேமரா வந்ததும் நெளியனும் வட்டமாகச் சுற்றியது. கேமரா நின்றது! நெளியனுக்குத் தலைகால் புரியவில்லை. இன்னும் வேகமாகச் சுற்றியது. கேமரா நகரவே இல்லை. நெளியனுக்குப் பசித்தது. அதன் குழியில் தீனியோ சுவரோரம் குவிந்து கிடந்தது. நேராகப் போனால்தான் கிடைக்கும்.

நெளியன் இளைத்து நூலாகிவிட்டது. சுருளிக்கே மனசு கேட்கவில்லை.

“உனக்குத்தான் நேராப் போக வருமே, போய் ஒரு வாய் சாப்பிட்டுட்டு வாயேன்!”

“மெதுவாப் பேசு” என்றது நெளியன், சுற்றிக்கொண்டே. “பார்த்துக்கிட்டிருக்கு.”