பெயர் பொருந்தவில்லை

"பெயர் பொருந்தலை மேடம்," என்றாள் பரீட்சைக்கூட வாசலில் இருந்த பெண்.

ரொவீனாவுக்குச் சுருக்கென்றது. விடியுமுன் டாஃபின் ஊரிலிருந்து கிளம்பி, பனியில் ஊர்ந்து ஊர்ந்து வின்னிபெக் வந்து சேர்ந்தது இதைக் கேட்கவா?

ஓட்டுநர் உரிமத்தில் ரொவீனா ஃப்ரீசன். கல்யாணத்தில் வந்த பெயர். பரீட்சைக்குப் பதிந்திருப்பதோ ரொவீனா மக்பனுவா. சொந்த நாட்டில், இலோயிலோவில் வாங்கிய பட்டத்தில் அந்தப் பெயர்தான்.

"ரெண்டும் நான்தாம்மா. போட்டோவைப் பாரு, என்னையும் பாரு. இந்த மூஞ்சிக்கு இன்னொரு ஆளா இருக்கு?"

"நீங்கதான்னு தெரியுது. ஆனா உள்ள விட முடியாது. அடுத்த பரீட்சைக்கு வாங்க."

அடுத்த பரீட்சை ஜூனில். ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் அவளுக்குக் கொடுத்திருக்கும் தற்காலிக அனுமதியோ இந்த மாதத்தோடு முடிகிறது. தேறிச் சான்றிதழ் காட்டாவிட்டால், இத்தனை வருஷம் ரத்தம் பரிசோதித்த கை இனிமேல் குப்பிகளை வாங்கி அடுக்க வேண்டியதுதான்.

கண்ணெதிரே நிற்கிற மனுஷியைவிட அட்டையில் இருக்கிற பெயர் பெரிதாகப் போய்விட்டது இவர்களுக்கு. கொஞ்சமாவது அறிவு வேண்டாமா? ஈவு இரக்கம் வேண்டாமா?

அதை அப்படியே அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே கேட்டாள். அந்தப் பெண் அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

காருக்குள் ஏறிக் கதவை அறைந்து சாத்தியபோது போன் அடித்தது. ஆய்வகத்திலிருந்து ஆர்னெல். கூட வேலை பார்க்கிறவன்.

"அக்கா, பிள்ளைங்க வார்டு நர்ஸ் வந்து கத்திட்டு இருக்காங்க. பச்சைக் குழந்தையோட ரத்தம். குப்பியில அம்மா வீட்டுப் பேரு, சீட்டுல அப்பா வீட்டுப் பேரு. நேத்துதான் மாத்துனாங்களாம். குதிகால்ல மூணு தடவை குத்தி எடுத்ததாம், பாவம். வார்டுல இருக்கிறதே அந்த ஒரு குழந்தைதான், என் கையால எடுத்தேன்னு சத்தியம் பண்றாங்க. ஏத்துக்கவா?"



ஆய்வகத்தில் சேர்ந்த நாளிலிருந்து இப்படிப் பெயர் பொருந்தாமல் வந்த குப்பி ஒன்றைக்கூட ரொவீனா ஏற்றுக்கொண்டதில்லை. எத்தனையோ நர்ஸுகள் கெஞ்சியிருக்கிறார்கள், அழுதிருக்கிறார்கள், இரக்கமில்லாதவள் என்று ஏசியிருக்கிறார்கள். இதுவரை அவள் யாருக்கும் பதில் சொன்னதில்லை.

கோபம் நெஞ்சுக்குள் அப்படியே இருந்தது. அதைக் காட்டத்தான் இப்போது ஆளில்லாமல் போய்விட்டது.

"அக்கா, இருக்கீங்களா?"

"அந்த நர்ஸ் பொய் சொல்லலைடா," என்றாள். "ஆனாலும் திருப்பி அனுப்பு. மறுபடி குத்தச் சொல்லு."